பேட்ச்சைப் பிய்த்து எறிகிறாள், என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஒரு வருடமாக இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்குகிறது. "மாறுகண் அதிர்ஷ்டம், விடு" என்றார் மாமியார். போன மாதம்தான் டாக்டரிடம் காட்டினோம். கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடச் சொன்னார். பிய்த்து எறிகிறாள். தெருப் பிள்ளைகள் 'ஒன்றரைக் கண்ணு' என்கிறார்கள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்ற பாரம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது, முதலில் அதை இறக்கி வையுங்கள். நான்கு வயதில் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். இரண்டு கண்ணும் வெவ்வேறு பக்கம் பார்க்கும்போது குழப்பம் வராமல் இருக்க, ஒதுங்கிய கண் அனுப்பும் படத்தை மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அப்படியே போகப் போக அந்தக் கண்ணில் பார்வை வளராமலே போகும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். நல்ல கண்ணை மூடினால் மூளை இந்தக் கண்ணைப் பயன்படுத்தியே ஆக வேண்டும், பேட்ச் அதற்குத்தான். ஏழெட்டு வயதைத் தாண்டினால் மீட்பது கஷ்டம், அதனால்தான் டாக்டர் அவசரப்படுத்துகிறார்.

அவள் பிய்த்து எறிவது பிடிவாதம் இல்லை. நல்ல கண்ணை மூடியதும் அவளுக்கு நிஜமாகவே சரியாகத் தெரிவதில்லை. என் மகனுக்கு முதல் நாள் பேட்ச் ஒட்டியபோது தட்டில் இருந்த இட்லியைக் கை தடவித் தேடியது, அதைப் பார்த்த பிறகு நான் அவனைத் திட்டவே இல்லை. இரண்டு மணி நேரத்தை ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் அரை அரை மணியாகப் பிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் பாசிமணி கோர்க்கட்டும், வண்ணம் தீட்டட்டும், பொம்மைக்கும் ஒரு பேட்ச் ஒட்டிவிடுங்கள். கண்ணாடி மேல் ஒட்டாமல் தோலில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் எட்டிப் பார்ப்பாள். எடுக்கும்போது ஈரத்துணியால் ஓரத்தை நனைத்துக்கொண்டால் வலிக்காது. கண்ணாடியைக் கழற்றினால் கண் மறுபடி ஒதுங்கும், பயப்படாதீர்கள், தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் போட்டிருக்கட்டும். பின்னால் ஆபரேஷன் தேவைப்பட்டாலும் கண்ணை அசைக்கும் தசையைத்தான் இடம் மாற்றித் தைப்பார்கள், கண்ணை வெளியே எடுப்பதெல்லாம் வெறும் வதந்தி.

யாரிடம் சொல்வது என்று கேட்டீர்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரி பெஞ்சில் பேட்ச் போட்ட குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பேசி நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் ஒரு அக்கா கிடைத்தார், இன்றைக்கும் பேசுகிறோம். இன்னொரு டாக்டரின் கருத்தும் வேண்டுமென்றால் பக்கத்திலேயே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் மாறுகண்ணுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கன்வாடி டீச்சரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், கேலியை அவர் ஒரு வார்த்தையில் நிறுத்திவிடுவார்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒன்று: போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், உங்கள் மாமியாரையும் அடுத்த செக்கப்புக்குக் கூட்டிப் போங்கள். நல்ல கண்ணை மூடிவிட்டு டாக்டர் படங்களைக் காட்டிக் கேட்கும்போது, பேத்தி எந்த வரியில் தடுமாறுகிறாள் என்று அவரே பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.