கிராப்பிக்கு எத்தனை அடி ராடு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிப்ரவரி கடைசி வந்தாலே வடக்கு மிசிசிப்பியின் கிரெனடா, சார்டிஸ், ஈனிட் ஏரிகளில் படகுகள் வரிசையாக இறங்க ஆரம்பித்துவிடும். முட்டையிடுவதற்கு முன் கிராப்பி என்ற அமெரிக்க நன்னீர் மீன் கொழுத்துக் கிடக்கும் காலம் அது. எனக்கு வரும் கேள்விகளும் அப்போதுதான் கூடும். இந்த முறை முக்கால்வாசிக் கேள்விகள் நீளமான ராடு, அதாவது தூண்டில் கோல், பற்றியவை.

கேள்வி: அண்ணா, மெம்பிஸுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நண்பர் ஒருவர் படகின் முன்பக்கம் எட்டு ராடு விரித்து ஸ்பைடர் ரிக் போடுகிறார். நானும் வாங்கப் போகிறேன். 16 அடிதான் நல்லது என்கிறார்கள். சரியா?

12 அடியில் ஆரம்பியுங்கள், தம்பி.

நீளம் எதற்கு என்று புரிந்துவிட்டால் அளவை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஸ்பைடர் ரிக்கில் படகு மணிக்கு அரை மைல் போல ஊர்கிறது. இரை படகுக்கு முன்னால் தொங்கிக்கொண்டு போகிறது. படகு மீனின் தலைக்கு மேல் வருவதற்குள் இரை மீனிடம் போய்விட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இருபது அடி ஆழத்தில் நிற்கும் மீன் மேலே போகும் படகை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அங்கே 10 அடி ராடே போதும். ஆனால் வசந்தத்தில் மீன் மூன்று நான்கு அடித் தண்ணீருக்கு ஏறிவிடும். அப்போது படகின் நிழலும் மோட்டார் இரைச்சலும் பட்டாலே விலகிவிடும். தண்ணீர் தெளிவாக இருந்தால் இன்னும் மோசம். டென்னசியின் ரீல்ஃபுட் ஏரி 1811-12 நிலநடுக்கங்களில் நிலம் அமிழ்ந்து உண்டானது. ஆழம் குறைவு, தண்ணீருக்கடியில் எங்கு பார்த்தாலும் பழைய அடிமரங்கள். அங்கே ஒருவர் 16 அடி ராடு வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் உங்களுக்கு இல்லையென்றால் 16 அடி தொந்தரவுதான். காற்று அடித்து படகின் மூக்கு ஒரு சாண் ஏறி இறங்கினால், அத்தனை நீளத்தின் நுனி அதைவிட அதிகமாக ஏறி இறங்கும். இரையும் கூடவே குதிக்கும். குளிர்ந்த தண்ணீரில் சோம்பிக் கிடக்கும் கிராப்பி அதைத் துரத்திக்கொண்டு வராது. தனியாகப் போகிறவருக்கு இன்னொரு சிரமம்: ஒரு கையில் 16 அடி ராடு, மறுகையில் வலை, மீனோ எட்டாத தூரத்தில்.

கேள்வி: வீட்டில் 10, 12, 14 அடி என்று வெவ்வேறு கம்பெனி ராடுகள் ஆறு இருக்கின்றன. கலந்து வைத்தால் என்ன?

முன்பக்கம் விரித்துத் தள்ளிக்கொண்டு போவதற்கு என்றால், கலக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்க வேண்டாம்.

காரணம் இது. கிராப்பி பெரும்பாலும் தனக்கு மேலே இருப்பதைப் பார்த்து, மேல்நோக்கி வந்து இரையை எடுக்கும். இரண்டு முள்ளுக்கு நடுவில் அரை அவுன்ஸ் ஈயம் கட்டி இறக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த எடைக்கு எட்டு நுனிகளும் ஒரே அளவு வளைந்து நிற்கும். மீன் மேல் முள்ளை வாயில் வாங்கிக் கொஞ்சம் மேலே வந்தால் ஈயத்தின் எடை நரம்பை (தூண்டில் இழையை) விட்டு விலகும்; அந்த ஒரு நுனி மட்டும் நிமிரும். துடிப்பும் இருக்காது, இழுப்பும் இருக்காது. ஒரு மார்ச் மாதக் காலை, ஈனிட்டில் என் இடப்பக்கம் மூன்றாவது ராடு அப்படித்தான் நிமிர்ந்தது. கையெழுத்துப் போடும் பேனா போல நேராக நின்றது. மெல்லத் தூக்கினேன், ஒன்றரை பவுண்டு வெள்ளைக் கிராப்பி. பக்கத்து ராடுகள் எல்லாம் ஒரே வளைவில் இருந்ததால்தான் அந்த ஒன்று கண்ணில் பட்டது. ஆளுக்கொரு விறைப்பாக, ஆளுக்கொரு நீளமாக இருந்திருந்தால் அந்தக் கடி எனக்குத் தெரிந்தே இருக்காது. (உலக சாதனை வெள்ளைக் கிராப்பி 1957இல் பிடிபட்டதும் ஈனிட்டில்தான்: 5 பவுண்டு 3 அவுன்ஸ். ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் அது நினைவுக்கு வரும்.)

அதனால் விலை உயர்ந்த ராடு இரண்டு வாங்குவதைவிட, நடுத்தர விலையில் ஒரே ரகம், ஒரே நீளம் நான்கு வாங்குங்கள்.

உங்கள் ஆறு ராடும் வீணாகாது. படகின் பின்பக்கம் ஜிக்குகளை (ஈயத் தலை வைத்த முள்ளோடு வரும் செயற்கை இரைகளை) விட்டு இழுத்துக்கொண்டு போகும்போது நீளம் மாறியிருப்பதுதான் நல்லது. 14 அடியை வெளிப்பக்கமாக நீட்டுங்கள், அதற்கு உள்ளே 12, மோட்டாருக்குப் பக்கத்தில் 10. நரம்புகள் தள்ளித் தள்ளி வரும், படகு திரும்பும்போது சிக்கல் குறையும்.

கேள்வி: கிராஃபைட்டா, ஃபைபர் கிளாஸா?

நாள் முழுக்கக் கையில் பிடித்து ஜிக் போடுகிறவர் கிராஃபைட் வாங்கட்டும், கை வலிக்காது. படகை ஓட்டிக்கொண்டே இரையைக் கொண்டுபோகும் ட்ரோலிங்கில் எடையைச் சுமப்பது ராடைச் செருகி வைக்கும் ஹோல்டர். ஆகவே ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் கனமாக இருந்தாலும் குற்றமில்லை. முட்டிமோதினால் சட்டென்று உடையாது, வளைவும் மென்மை. ஆனால் நீளம் 14 அடியைத் தாண்டினால் நுனி தன் கனத்திலேயே தொங்க ஆரம்பிக்கும். அங்கே கிராஃபைட்தான்.

கேள்வி: மீன் படகு வரை வருகிறது, தூக்கும்போது விழுந்துவிடுகிறது. போன ஞாயிறு மட்டும் பதினொன்று போச்சு. ராடில் கோளாறா?

கோளாறு பாதி ராடில், பாதி கையில். இந்த மீனுக்குக் ‘காகித வாய்’ என்றே அமெரிக்காவில் ஒரு பெயர் உண்டு. மேல் வாயின் பக்கவாட்டில் இருப்பது மெல்லிய சவ்வு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். விறைப்பான ராடால் வெடுக்கென்று இழுத்தால் முள் குத்திய துளை கிழிந்து பெரிதாகிவிடும். பின்னால் இழுத்துப் பிடிப்பதற்கு நுனி முதல் நடு வரை நன்றாக வளைகிற ராடு வாங்குங்கள். முன்னால் தள்ளிப் பிடிப்பதற்கு அடிப்பகுதி உறுதியாகவும் நுனி மட்டும் இளக்கமாகவும் இருக்கட்டும். இல்லையென்றால் முக்கால் அவுன்ஸ் ஈயத்துக்கே ராடு முழுக்கக் குனிந்துவிடும்.

அப்புறம், மீனை ஊஞ்சல் மாதிரி ஆட்டித் தூக்காதீர்கள். நீளக் கைப்பிடி உள்ள வலை இல்லாமல் நீள ராடு வாங்கவே கூடாது.

கேள்வி: கோடையில் கிராங்க் பெய்ட் (இழுக்கும்போது மூழ்கி ஆடும், மீன் வடிவச் செயற்கை இரை) இழுக்க எந்த ராடு?

பின்பக்கம் ஜிக் இழுக்கச் சொன்ன அதே நீள வரிசைதான், கொஞ்சம் பலமாக இருந்தால் நல்லது. மணிக்கு ஒன்றரை மைல், அதற்கு மேலும் போவோம். எத்தனை அடி நரம்பு விட்டோம் என்று எண்ணிக் காட்டும் ரீல் இதில் ராடைவிட முக்கியம். பணத்தை அங்கே போடுங்கள்.

கேள்வி: ஒருவர் எத்தனை ராடு போடலாம்?

மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் ஏரிக்கு ஏரி மாறும். உரிமம் எடுக்கும்போதே அந்த ஏரியின் விதியையும் படித்துவிட்டு, பிறகு ராடு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இவ்வளவு நீளத்தைச் சின்னக் காரில் எப்படிக் கொண்டுபோவது?

இரண்டு துண்டு ராடு வாங்குங்கள். 12 அடி ஆறடியாகிவிடும். ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் ரகம் கையில் பிடிக்கச் சரி, ஹோல்டரில் வைத்து இழுக்க நான் நம்புவதில்லை. நுனிக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டுங்கள். என் ராடுகளில் மூன்றின் நுனி காரின் கதவில் நசுங்கியே போனது.

பூட்டி நிமிர்த்தும் இடத்தையும் பாருங்கள். படகு இறக்கும் துறைக்கு மேல் சில இடங்களில் மின்கம்பி போகும். கிராஃபைட் மின்சாரம் கடத்தும். 14 அடி ராடைச் செங்குத்தாகத் தூக்கினால் உங்கள் உயரத்தோடு சேர்த்து இருபது அடி ஆகிறது. தண்ணீரில் இறங்கிய பிறகு ராடைப் பூட்டுங்கள். இடி உறுமினால் எல்லா ராடையும் படுக்க வைத்துவிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள்.