தூதர் கிடையாது, லாரி ஓடுகிறது: பொலிவியா–சிலி கேள்வி பதில்

சார், 1978-லிருந்து இந்த இரண்டு நாட்டுக்கும் தூதரக உறவே இல்லையாமே. அப்படியென்றால் வியாபாரத்தை யார் கவனிக்கிறார்கள்?

தூதர்தான் இல்லை, லா பாஸில் சிலிக்கும், சாண்டியாகோவில் பொலிவியாவுக்கும் கன்சல் ஜெனரல் உண்டு. பெயர்தான் கன்சல், பார்ப்பது கிட்டத்தட்ட தூதர் வேலை. பொதுமக்கள் அடையாள அட்டையைக் காட்டியே எல்லை தாண்டலாம்.

சண்டை எதில் ஆரம்பித்தது?

பத்து சென்ட் வரியில். அன்டோஃபகாஸ்டா அப்போது பொலிவியாவின் கடற்கரை ஊர். நைட்ரேட் வெட்டியது சிலிக் கம்பெனி. புதிய வரி போடமாட்டோம் என்று 1874-ல் எழுதிக் கொடுத்த பொலிவியா, 1878-ல் குவிண்டாலுக்குப் பத்து சென்ட் கேட்டது. கம்பெனி மறுக்கவே, சொத்தை ஏலம் விட நாள் குறித்தார்கள். அதே நாளில், 1879 பிப்ரவரி 14 அன்று, சிலிப் படை வந்து இறங்கியது. போர் முடிந்தபோது பொலிவியாவுக்குக் கடற்கரையே இல்லை.

சிலியோடு 1904-ல் போட்ட சமாதான ஒப்பந்தத்தில் பொலிவியாவுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா ஐயா?

கிடைத்தது. சிலி தன் அரிக்கா துறைமுகத்திலிருந்து லா பாஸுக்குத் தன் செலவில் போட்ட ரயில் பாதை 1913-ல் திறந்தது. சிலித் துறைமுகங்கள் வழியாக என்றைக்கும் தடையில்லாமல் சரக்கு கொண்டுபோகும் உரிமையும் வந்தது. அரிக்காவில் ஏறி இறங்குவதில் பெரும்பகுதி இன்றும் பொலிவியச் சரக்குதான். கடல் மட்டத்தில் கிளம்பும் லாரி சுமார் 200 கிலோமீட்டருக்குள் நாலாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறி டாம்போ கேமாடோ எல்லையைத் தொடும். சிலி சுங்க ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் அந்தக் குளிரில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். பொலிவியர்கள் திட்டித் தீர்க்கும் ஒப்பந்தம்தான் அவர்கள் வியாபாரத்தையும் தாங்குகிறது என்பேன்.

பெரு வழியாகப் போகலாமே?

இலோ துறைமுகத்தில் பெரு 1992-லேயே இடம் கொடுத்தது. ஆனால் வசதி போதாது. லாரிக்காரர்கள் அரிக்காவையே நாடுகிறார்கள்.

கடல் திரும்பக் கிடைக்கும் சந்தர்ப்பம் வந்ததா அண்ணா?

1975-ல் வந்தது. பொலிவிய அதிபர் பான்சரும் சிலி அதிபர் பினோசெட்டும் எல்லை ஊரான சரான்யாவில் சந்தித்தார்கள், தூதர்களும் திரும்பினார்கள். அரிக்காவுக்கு வடக்கே ஒரு நிலத்துண்டு தருகிறேன், பதிலுக்கு அதே அளவு நிலம் கொடு என்றது சிலி. ஆனால் அது பழைய பெரு மண். சிலியும் பெருவும் 1929-ல் செய்த உடன்பாட்டின்படி பெரு சம்மதிக்காமல் கொடுக்க முடியாது. பெரு வேறொரு யோசனை சொல்ல, சிலி ஏற்கவில்லை. 1978-ல் உறவு முறிந்தது.

ஹேக் சர்வதேச நீதிமன்றமும், கடல்வழி கொடுப்பது பற்றிப் பொலிவியாவோடு பேச்சுவார்த்தை நடத்தியே ஆகவேண்டிய கடமை சிலிக்கு இல்லை என்று 2018-ல் 12-க்கு 3 என்று தீர்ப்பளித்துவிட்டது.

கடலில்லாத நாட்டுக்குக் கடற்படை எதற்கு?

டிட்டிகாகா ஏரியும் ஆறுகளும் இருக்கின்றனவே!

பொலிவியாவில் எரிவாயு இருந்ததே, சிலிக்கு விற்கவில்லையா?

சிலித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டத்துக்கே 2003-ல் நாடு கொதித்தது. பலர் உயிரிழந்தார்கள், அதிபர் சாஞ்சஸ் தெ லொசாதா பதவி விலகினார். மறு வருடம் அர்ஜென்டினாவுக்கு விற்றபோது பொலிவியா போட்ட நிபந்தனை: இதில் ஒரு மூலக்கூறுகூட சிலிக்குப் போகக் கூடாது.