யார் செய்தது என்று நீங்கள் சொல்லாதீர்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். மூன்று மாதம் முன்பு ஒரு காலையில் ஆபீஸ் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரு வெளிநாட்டுக் கொடியும் நம் நாட்டை ஏசும் வாசகமும் வந்தன. ஆர்டர் கோப்புகள் அத்தனையும் போயின. 'எதிரி நாட்டின் செயல், போர் விலக்கில் வருகிறது' என்று இன்சூரன்ஸ் கம்பெனி க்ளைமை மறுத்துவிட்டது. எங்களுக்குச் சந்தேகம், சண்டை போட்டு வேலையை விட்டுப் போன கணினி ஆள்மேல்தான். அதை எப்படி நிரூபிப்பது? இத்தனை வருஷம் பிரீமியம் கட்டியதற்கு இதுதான் மரியாதையா?

பதில்: நிரூபிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. விலக்கு என்றால் இன்ன நஷ்டத்துக்குப் பணம் கிடையாது என்று பாலிசியில் எழுதியிருக்கும் பிரிவு. அதைச் சொல்லிப் பணத்தை மறுக்கிறவர்தான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும். மரியாதை, நன்றி, பிரீமியம் கட்டிய வருஷக் கணக்கு எதுவும் வழக்கில் உதவாது, விட்டுவிடுங்கள்.

நோட்பெட்யா என்ற கணினி வைரஸ் நினைவிருக்கும். 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையம் வரை முடக்கியது. மெர்க் மருந்துக் கம்பெனி 140 கோடி டாலர் நஷ்டம் என்று கேட்டது, ரஷ்யாவின் செயல், போர் விலக்கு என்று இன்சூரன்ஸ்காரர்கள் மறுத்தார்கள். அந்த விலக்கு ராணுவ நடவடிக்கைக்கானது, இதற்குப் பொருந்தாது என்று அமெரிக்காவின் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-ல் சொன்னது. செய்தது ரஷ்யாவாகவே இருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. ஆனால் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். அது பழைய வாசகம். அரசு ஆதரவுத் தாக்குதலுக்குத் தனி விலக்கு போட வேண்டும் என்று லண்டன் இன்சூரன்ஸ் சந்தையான லாயிட்ஸ் 2022-லேயே உத்தரவிட்டது, அப்படிப்பட்ட சில வாசகங்களில் ஓர் அரசுதான் செய்தது என்று காட்ட நியாயமான அனுமானமே போதும் என்று இருக்கிறது. உங்கள் பாலிசியில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அனுமானத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? உங்கள் வாயிலிருந்துதான். வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் விழுந்த குழி இதுதான். திரையை மொபைலில் போட்டோ எடுத்து, 'எதிரி நாட்டுக்காரன் எங்களைத் தாக்கிவிட்டான்' என்று வாட்ஸ்அப்பில் போடுவார்கள், உள்ளூர் டிவிக்குப் பேட்டி கொடுப்பார்கள், போலீஸ் புகாரிலும் அதையே எழுதுவார்கள். ஆறு மாதம் கழித்து மறுப்புக் கடிதத்தின் இணைப்பில் முதல் தாளாக அந்தப் போட்டோ இருக்கும். கொடியை யார் வேண்டுமானாலும் திரையில் வைக்கலாம். 2014-ல் சோனி பிக்சர்ஸ் சினிமா கம்பெனியின் கணினிகளைத் தாக்கித் திரையில் மண்டை ஓட்டை வைத்தபோது எஃப்பிஐ ஒரு மாதத்துக்குள் வட கொரியா என்றது, உள்ளே இருந்த ஆள்தான் என்று பாதுகாப்பு நிபுணர்கள் சிலர் வாதாடினார்கள், ஒரு வட கொரியர்மேல் குற்றச்சாட்டு வெளியானது 2018-ல்தான். எஃப்பிஐ சொன்னதையே நிபுணர்கள் மறுத்த விஷயத்தை, கொடியைப் பார்த்தே நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

இப்போது பழைய ஊழியர் கதை. தயவுசெய்து இதை எங்கும் எழுதாதீர்கள். பல பாலிசிகளில் ஊழியர் செய்த கேட்டுக்கும் விலக்கு உண்டு, ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொன்றில் விழுவீர்கள். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னால் எழுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. கடிதத்தில் போர் மட்டும்தான் என்றால் அது உங்களுக்கு லாபம், அதைக் கெடுக்காதீர்கள். ஆதாரமில்லாமல் அவர் பெயரைச் சொன்னால் அவதூறு வழக்கும் வரும். விசாரிக்கிற அதிகாரி கேட்டால் மட்டும் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

பாதிக்கப்பட்ட வன்தட்டுகளை இன்னும் அழிக்கவில்லை என்றால் அப்படியே பூட்டி வையுங்கள். கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்தில் தகவல் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சரி, வழக்கா, சமரசமா? அதே நோட்பெட்யாவில் நஷ்டப்பட்ட பிஸ்கட், சாக்லேட் கம்பெனி மாண்டலீஸ் 10 கோடி டாலருக்குப் போட்ட வழக்கு நான்கு வருஷம் ஓடி, விசாரணை நடுவிலேயே சமரசத்தில் முடிந்தது. மெர்க்கும் ஜெயித்த பிறகு சமரசம்தான் செய்துகொண்டது. உங்கள் வங்கிக் கடனுக்கு அத்தனை பொறுமை இருக்காது. சர்வேயர் கணக்கிட்ட தொகையில் மூன்றில் இரண்டு பங்கு எழுத்தில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். க்ளைம் தீர்ந்தது என்று எழுதிக் கொடுக்கும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் தொகை எழுதாமல் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பேச்சு இழுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷக் கெடு உண்டு, மறுப்புக் கடிதத் தேதியை இன்றே குறித்து வையுங்கள்.