பதில்: தன்லினில் புதியவர்கள் ஒருமுறை வந்துவிட்டு மறுபடி வருவதில்லை

வணக்கம் தம்பி. மியான்மரில் யாங்கோனுக்குப் பக்கத்திலுள்ள உங்கள் தன்லினில், ஞாயிறு மாலை வாலிபால் ஆட்டத்துக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், அடுத்த வாரம் காணோம் என்று எழுதியிருந்தீர்கள். நன்றாக ஆடும் ஆறு பேர் இறங்கிவிட, மற்றவர்கள் ஓரத்தில் நிற்பதாகவும் சொல்கிறீர்கள். காரணம் அதுதான். வேலை முடிந்து பஸ் பிடித்து வருகிறவர் நின்று பார்ப்பதற்காக வரவில்லை.

சர்வீஸ் உங்கள் பக்கம் திரும்பும்போது எப்படியும் எல்லோரும் ஓர் இடம் நகர்கிறார்கள். அந்த நேரம் ஒருவர் வெளியேறி, ஓரத்தில் நிற்பவர் சர்வீஸ் இடத்துக்கு வரட்டும். யாருக்கும் விதிவிலக்கு வேண்டாம், கேப்டனுக்கும்தான்! வலையை ஆண்களுக்கான 2.43 மீட்டரில் கட்டாமல், பெண்களுக்கான 2.24-க்கு இறக்குங்கள். சர்வீஸ் வலையைத் தாண்டாதவர் கோட்டுக்குள் இரண்டு எட்டு வந்து, கீழ்க்கையால் போடட்டும். பந்து தாண்டிப் போகும்போது அந்த முகத்தைப் பாருங்கள், அடுத்த ஞாயிறும் வருவார்.

அப்புறம் விளம்பரம். கோயில் வாசலிலும் டீக்கடையிலும் ஒரு தாள் ஒட்டினால் போதும், ஆனால் தமிழோடு பர்மிய மொழியிலும் எழுதுங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு அதுதான் சரளமாகப் படிக்க வரும், பக்கத்து வீட்டு பர்மியப் பையன்களும் வருவார்கள். "ஆடத் தெரியாவிட்டாலும் வரலாம்" என்ற வரி பெரிதாக இருக்கட்டும்.

மே மாதக் கடைசியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை மண் தரை சேறுதான். கூரையுள்ள இடத்துக்கு இப்போதே பேசி வையுங்கள்.