ஊசி மேல ஊசி போட்டாங்களே, தப்பா டாக்டர்?

கேள்வி: டாக்டர், போன மாசம் என் வீட்டுக்காரர் கத்திரிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிச்சுட்டு வந்து வாயில நுரையா மயங்கிட்டார். அரசு ஆஸ்பத்திரில அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டாங்க, ராத்திரி கண்டபடி உளறினார், கையைக் கட்டி வச்சாங்க, மூணாம் நாள் மூச்சு நின்னு வெண்டிலேட்டர்ல போட்டாங்க. பொழச்சு வந்துட்டார். ஆனா ஓவர் டோஸ்னாலதான் இப்படி ஆச்சு, பாம்னு ஒரு ஊசி போட்டிருந்தா சீக்கிரம் சரியாகியிருக்கும்னு என் நாத்தனார் சொல்றாங்க. மறுபடி மருந்து அடிக்கப் போகலாமா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: சகோதரி, அந்த ஊசிதாம்மா அவரைக் காப்பாத்துச்சு. அது அட்ரோபின். இந்த வகை பூச்சி மருந்து உடம்புல அசிட்டைல்கோலின்ங்கிற நரம்புச் சேதி ரசாயனத்தை உடைக்கிற என்சைமைப் பூட்டிடும், அப்போ எச்சில், கண்ணீர், வேர்வைன்னு எல்லாம் கொட்டும், நுரையீரல்ல சளி தண்ணியா ரொம்பும், நாடி குறையும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும். நுரையீரல் ரொம்புறதுதான் முதல்ல ஆளைக் கொல்றது. அட்ரோபின் அதைக் காய வைக்கும். நம்ம ஊர்ல ஒரு ஆம்ப்யூல்ல, அதாவது சின்ன கண்ணாடி மருந்துக் குப்பில, 0.6 மில்லிகிராம்தான் இருக்கும், அதனால மூணு அஞ்சுன்னு உடைச்சு ஆரம்பிச்சு, அஞ்சு நிமிஷத்துல நெஞ்சு தெளியலைன்னா டோஸை இரட்டிப்பாக்கணும், அதான் முறை. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரே ராத்திரில ஆம்ப்யூல் உடைச்சு உடைச்சு விரல் கிழிஞ்சிருக்கு. கணக்கு பாக்குறது ஊசி எத்தனைன்னு இல்ல, நெஞ்சு தெளிஞ்சிருக்கா, அக்குள் காஞ்சிருக்கா, நாடி 80க்கு மேல இருக்கான்னுதான். உளறல் அட்ரோபின் கொஞ்சம் கூடிப்போனா வர்றது, குறைச்சா அடங்கிடும்.

மூணாம் நாள் மூச்சு நின்னது வேற கதை, அதுக்கு ஊசி காரணமில்ல. முதல் கண்டம் தாண்டி 1 முதல் 4 நாளுக்குள்ள கழுத்து, தோள், மூச்சுத் தசை சோர்ந்துடும். இதை 1987ல இலங்கை டாக்டர்கள்தான் விளக்கி எழுதினாங்க. நர்ஸ் அடிக்கடி வந்து "தலையைத் தூக்குங்க"ன்னு சொல்லியிருப்பாங்களே, இதுக்குத்தான். இதை அட்ரோபின் தடுக்காது, வெண்டிலேட்டர் ஒண்ணுதான் வழி.

அடுத்து பாம், அதாவது பிராலிடாக்சிம் (பாம்புக்கடிக்குன்னு நினைச்சுடாதீங்க, அப்படிக் கேட்டு வந்தவங்க உண்டு). பூட்டின என்சைமைக் கழட்டி விடணும்னுதான் இதைப் போடறது, ஆனா நேரம் போகப் போக பூட்டு இறுகிடும், மோனோகுரோட்டோபாஸ் வகைல நாலு மணி நேரத்துக்குள்ளயே பாதி இறுகிடும், குளோர்பைரிபாஸ் வகைல ஒரு நாளுக்கு மேல ஆகும். 2006ல மகாராஷ்டிரா பாராமதில அதிக டோஸ் தொடர்ந்து கொடுத்ததுல நல்ல பலன்னு வந்துச்சு, 2009ல இலங்கைல செஞ்சு பாத்தப்போ சாவு குறையவே இல்ல. அதனால டாக்டருக்கு டாக்டர் மாறும், போடலைன்னு சண்டைக்குப் போகாதீங்க.

இன்னொண்ணு, உங்க ஊர்ல யாருக்காவது இப்படி ஆச்சுன்னா உப்புத்தண்ணி, சாணித்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, அது நேரா நுரையீரலுக்குப் போகும். துணியைக் கழட்டி சோப்பு போட்டுக் கழுவி, மயக்கத்துல இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, 108க்குப் போன் பண்ணிட்டு மருந்து பாட்டிலையும் கூடவே கொண்டு போங்க.

மறுபடி மருந்து அடிக்கப் போறதா? இப்போ வேண்டவே வேண்டாம். ரத்தத்துல அந்த என்சைம் ஒரு நாளைக்கு ஒரு சதவீதம்தான் ஊறும், மூணு மாசமாவது டேங்க் அவர் தோள்ல ஏறக்கூடாது. நடுவுல கால் மரத்துப்போச்சு, செருப்பு நழுவுதுன்னு சொன்னா உடனே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.