இத்தாலி ஏன் சேர்ந்தது, காரைக்கால் ஏன் சேர்ந்தது?

கேள்வி: என் மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். முதல் உலகப் போருக்குக் காரணம் என்ன என்றால் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, ஏகாதிபத்தியம், தேசியவாதம் என்று மடமடவென ஒப்பிக்கிறாள். 'சரி, இத்தாலி ஏன் சேர்ந்தது?' என்று கேட்டால் முழிக்கிறாள். எப்படிப் படிக்க வைப்பது? (வாசகி, திருவாரூர்)

பதில்: அந்த நான்கும் தப்பில்லை, அம்மா. ஆனால் அவை 1914-க்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஐரோப்பாவில் இருந்தவை. ஒரு நாடு குறிப்பிட்ட ஒரு நாளில் போரில் இறங்கியது ஏன் என்பதற்கு அவை மட்டும் போதாது. நாட்டின் பெயரையும் இறங்கிய தேதியையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, 'அன்று ஒதுங்கி நின்றிருந்தால் இவர்களுக்கு என்ன போயிருக்கும்?' என்று எழுதட்டும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். கிழக்கே ரஷ்யா, மேற்கே பிரான்ஸ். ரஷ்யா படை திரட்டி முடிக்க நாளாகும். அதற்குள் பெல்ஜியம் வழியாகப் புகுந்து பிரான்ஸை முடித்துவிட வேண்டும் என்பது முன்பே போட்டு வைத்த திட்டம். ஜூலை 30 அன்று ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகு தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்று பெர்லின் நினைத்தது. ஆகஸ்ட் 1-ல் ரஷ்யா மீது, 3-ல் பிரான்ஸ் மீது போர் அறிவித்தது. 4-ம் தேதி பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைந்ததும் பிரிட்டன் இறங்கியது. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காக்கும் 1839 ஒப்பந்தத்தை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான். கால்வாய்க்கு எதிர்க்கரையில், பெல்ஜியம் பக்கமுள்ள துறைமுகங்கள் ஒரே வல்லரசின் கைக்குப் போவதை லண்டன் பொறுக்காது என்பதையும் சேர்க்க வேண்டும்.

இத்தாலி ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியின் கூட்டாளி. ஆனால் சண்டையைத் தொடங்கியது ஆஸ்திரியா என்பதால், தற்காப்புக்கான அந்த ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விலகி நின்றது. அப்புறம் பேரம். ஆஸ்திரியாவின் கையிலிருந்த டிரெண்டினோ, டிரியஸ்ட் பகுதிகள் கிடைக்கும் என்று 1915 ஏப்ரலில் லண்டனில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவோடு ரகசிய ஒப்பந்தம். மே 23-ல் ஆஸ்திரியா மீதே போர். ஜெர்மனியை இறக்கியது பயம், இத்தாலியை இறக்கியது மண். கூட்டணி என்ற ஒரே தலைப்பில் இரண்டையும் அடைக்க முடியாது.

இனி நம் டெல்டா. வழிகாட்டி நூல்கள் தொடாத இடம் இது. நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வாஞ்சூருக்குத் தெற்கே நாகூர், நாகப்பட்டினம் பிரிட்டிஷ் தஞ்சை ஜில்லா. வடக்கே காரைக்கால் பிரெஞ்சு மண். 1914-ல் இந்தப் பக்கம் போருக்குள் போனது லண்டன் அறிவித்ததால், அந்தப் பக்கம் போனது பாரிஸ் போருக்குள் போனதால். இங்கே யாரையும் யாரும் கேட்கவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்றும் அப்படியே: வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமல் போரை அறிவித்தார். அதை எதிர்த்துத்தான் அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது.

1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் பணிந்தது. ஒப்பந்தப்படி பார்த்தால் காரைக்காலுக்குப் போர் முடிந்துவிட்டது, நாகூருக்கு முடியவில்லை. ஆனால் செப்டம்பரில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் போன்வென், பணிய மறுத்து லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெ கோல் பக்கம் சேர்ந்தார். ஒதுங்கி நின்றால் என்ன போயிருக்கும் என்று இங்கேயும் கேட்டுப் பாருங்கள். காரைக்காலின் மூன்று பக்கமும் பிரிட்டிஷ் இந்தியா, நான்காவது பக்கம் பிரிட்டிஷ் கப்பல்கள் காவல் நின்ற கடல்.

வாரம் இரண்டு நாடு போதும். அடுத்து 1917 ஏப்ரல் அமெரிக்காவையும் 1941 டிசம்பர் ஜப்பானையும் எடுக்கச் சொல்லுங்கள். முதலாவதில் நீர்மூழ்கிக் கப்பல் தாக்குதல்களையும், மெக்சிகோவுக்கு ஜெர்மனி அனுப்பிய ரகசியத் தந்தியையும் விடக்கூடாது. இரண்டாவதில் அமெரிக்கா நிறுத்திய எண்ணெயிலிருந்து தொடங்கலாம். இந்தியா பற்றிக் கேள்வி வந்தால் அந்த நான்கு காரணங்களை எழுத வேண்டாம். முடிவை எடுத்தது யார் என்பதை முதல் வரியிலேயே எழுதட்டும்.