வாசகர் கேள்வி – பதில்: பின்பக்க ஒலிபெருக்கிகள் ஏன் ஒலிப்பதில்லை?

கேள்வி: ஐயா, தோட்டத்தை விட்டு வந்து சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டில் குடியிருக்கிறோம். என் மகன் விட்டுச் சென்ற மேசைக் கணினியில் 5.1 ஒலிபெருக்கித் தொகுதி ஒன்றை இணைத்தேன். முன்னிரண்டு மட்டுமே ஒலிக்கின்றன. தொகுதியிலிருந்து பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று பிளக்குகள் வருகின்றன. கணினியின் பின்புறமோ பச்சை, இளநீலம், இளஞ்சிவப்புத் துளைகள்தாம் உள்ளன. புதிய சவுண்ட் கார்டு வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? ஆப்டிகல் கம்பி போட்டால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். 5.1 என்பது ஆறு ஒலித்தடங்கள், 3.5 மில்லிமீட்டர் பிளக் ஒவ்வொன்றும் இரண்டு தடங்களைச் சுமப்பதால் மூன்று பிளக்குகள் தேவைப்படுகின்றன. பச்சை முன்னிரண்டுக்கும், கறுப்பு பின்னிரண்டுக்கும், ஆரஞ்சு நடு ஒலிபெருக்கிக்கும் தாழ்ந்த ஒலியைத் தரும் சப்வூஃபருக்கும் உரியவை. மூன்றே துளைகள் உள்ள மதர்போர்டுகள் (கணினியின் முதன்மைப் பலகைகள்) பலவற்றில், வழக்கமாக வெளி ஒலியையும் மைக்கையும் ஏற்கும் இளநீல, இளஞ்சிவப்புத் துளைகளையே ஒலியை வெளியே அனுப்பும்படி மென்பொருள் வழியாக மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் கறுப்பு பிளக் இளநீலத்திலும், ஆரஞ்சு இளஞ்சிவப்பிலும் சேரும். உங்கள் போர்டின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கைச் செருகியதும் ரியல்டெக் போன்ற ஒலி மென்பொருள் இணைக்கப்பட்ட கருவி எதுவெனக் கேட்டால், அதற்குரிய ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுங்கள். அப்படி எதுவும் கேட்காவிட்டால், விண்டோஸுடன் வந்த பொதுவான டிரைவரே (ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருள்) இயங்கிக்கொண்டிருக்கலாம். போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உரிய டிரைவரை நிறுவுங்கள்.

அடுத்து, கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதிக்குச் சென்று, பிளேபேக் பட்டியலில் ஸ்பீக்கரைத் தேர்ந்து, கன்ஃபிகர் பொத்தானை அழுத்தி, ஸ்டீரியோவுக்குப் பதிலாக 5.1 சரவுண்டைத் தேர்ந்தெடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். அங்குள்ள டெஸ்ட் பொத்தான் ஒலிபெருக்கிகளை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்யும். நடு ஒலிபெருக்கியின் முறை வரும்போது மேசைக்கு அடியிலிருக்கும் சப்வூஃபர் முனகினால், அவ்விரு தடங்களும் இடம் மாறியுள்ளன என்று பொருள். அவற்றை மாற்றிவிடும் வசதி பல ஒலி மென்பொருள்களில் உண்டு.

சோதனையில் ஆறும் ஒலித்து, பாட்டுக் கேட்கும்போது மட்டும் பின்னிரண்டு மௌனமாக இருந்தால் அது பழுதன்று. பாட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு தடங்களில்தான் பதிவாகியிருக்கின்றன. பழைய திரைப்பாடல்களில் பலவற்றுக்கு ஒரே தடம்தான். அவற்றைப் பின்பக்கமும் பரப்பும் ஸ்பீக்கர் ஃபில் என்ற தேர்வு சில டிரைவர்களில் உண்டு என்றாலும், பழைய பாடல்களை முன்னிரண்டிலேயே கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். ஆறு தடங்களின் பயனை அறிய 5.1 ஒலியுள்ள டிவிடி படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நேர் எதிரே பார்க்கும் கோட்டிலிருந்து இருபுறமும் முன்னிரண்டை 30 பாகை விலக்கியும், பின்னிரண்டை உங்கள் காதுக்குச் சற்றுப் பின்னால், 100 முதல் 120 பாகைக்குள்ளும் வைப்பதே சர்வதேசப் பரிந்துரை.

ஒலியை ஒளி வடிவில் அனுப்பும் ஆப்டிகல் கம்பி உங்களுக்குப் பயன்படாது. நீங்கள் கூறும் தொகுதி மூன்று பிளக்குகளையே எதிர்பார்க்கிறது. ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்போருக்கும் ஆப்டிகலைவிட, படத்தையும் ஒலியையும் சேர்த்து அனுப்பும் எச்டிஎம்ஐ கம்பி மேலானது. ஆப்டிகல் ஆறு தடங்களைச் சுருக்கப்பட்ட வடிவில்தான் அனுப்பும், எச்டிஎம்ஐ எட்டுத் தடங்களைச் சுருக்காமலே அனுப்பும்.

இவ்வளவும் செய்த பிறகும் 5.1 தேர்வே தென்படவில்லை என்றால் போர்டில் அந்த வசதி இல்லாமல் இருக்கலாம். அப்போது கடைக்காரர் சொல்வது சரி. ஆனாலும் கணினியைத் திறந்து பொருத்தும் கார்டைவிட, மூன்று பிளக்குகளுக்கும் இடமுள்ள யுஎஸ்பி ஒலிக்கருவியை வாங்குவது எளிது. மாலையில் இடி முழங்கத் தொடங்கினால் கணினி, ஒலிபெருக்கி இரண்டின் மின் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். இணையக் கம்பியையும் மறவாதீர்கள்.